வெயில் ஏறினால் நின்றுவிடும் பழைய கார்

கேள்வி:
1968 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. அப்பா ஓட்டியது, விற்க மனம் வரவில்லை. காலையில் ஒரு குறையும் இல்லை. உச்சி வெயிலில் அரை மணி நேரம் ஓட்டி சிக்னலில் நின்றால், இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடுகிறது. இருபது நிமிடம் பானெட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று.

பதில்:
தம்பி, இனி எதையும் மாற்றாதீர்கள். அடுத்த முறை நின்றதும், சூடு ஆறுவதற்குள் ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் மிதி இயக்கும் பாகம்) கையால் தள்ளும்போது பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்சினால், ஸ்பார்க்கை, அதாவது பிளக்கில் வரும் தீப்பொறியை, சந்தேகப்படுங்கள். வரவில்லையா? பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள்.

இன்னொருவர்:
நான் ஒரு கோடை முழுக்கக் குழாயில் துணி சுற்றினேன். கடைசியில் பழுது, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில்! உள்ளே அறுந்த கம்பிச்சுற்று சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஸ்பார்க்கையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
இன்று பார்த்தேன் அண்ணா. ஒரு சொட்டு வரவில்லை, ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டேன், ஐந்தே நிமிடத்தில் கிளம்பியது. பெட்ரோல் குழாய், இன்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் போகிறது.

பதில்:
சரி, பிடிபட்டது. குழாயை அங்கிருந்து விலக்கி, இடையில் ஒரு தகடு வையுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பேக்கிங்கும் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், அதனால் இரண்டுமே தேவை.