மேனிகினில் டியூப் நன்றாகப் போகிறது, குழந்தைக்கும் அது போதுமா?

கேள்வி (குழந்தைகள் நலம், முதலாண்டு பிஜி): அடுத்த மாதம் என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) போஸ்டிங். ஸ்கில் லேபில் மேனிகினுக்கு (பயிற்சிப் பொம்மை) இப்போது தடுமாறாமல் டியூப் போடுகிறேன், அதாவது வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் செலுத்துகிறேன். "நிஜக் குழந்தை வேறு" என்கிறார்கள் சீனியர்கள். என்ன வேறு? இருக்கிற நாட்களில் எதைப் பழகுவது?

பதில் 1 (பச்சிளங்குழந்தை மருத்துவர், பயிற்சியும் தருகிறேன்): மேனிகினின் எபிகிளாட்டிஸ் (மூச்சுக்குழாய் வாசலை மூடும் மடல்) எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். குழந்தைக்கு அது தொளதொளவென்று மடியும், எச்சில் நிறையும், நாக்கு வழுக்கும். பிடரி பெரிது என்பதால் தலை முன்னால் கவிழும். தோளுக்கடியில் சிறிய துணிச்சுருள் வையுங்கள். தலையை அதிகமாகப் பின்னால் சாய்த்தாலும் குரல்நாண் தெரியாது.

நீங்கள் முக்கியமாகப் பழக வேண்டியது நிறுத்துவதை. ஒரு முயற்சிக்கு 30 விநாடி. தோழி ஒருவர் சத்தமாக எண்ணட்டும், நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் "ஹார்ட் ரேட் 60" என்று கத்தட்டும். உடனே பிளேடை (நாக்கை விலக்கித் தொண்டையைக் காட்டும் லாரிங்கோஸ்கோப் கருவியின் தகடு) வெளியே எடுத்து மாஸ்க் வென்டிலேஷனுக்கு, அதாவது முகமூடி வழியாகக் காற்று கொடுப்பதற்குப் போக வேண்டும். இன்னும் ஒரு விநாடி பார்க்கலாம் என்ற ஆசைதான் ஆபத்து. மாஸ்க் நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஆசை வராது, அதனால் அதையும் சேர்த்தே பழகுங்கள்.

எடையைச் சொன்னதும் கை தானாக எடுக்க வேண்டும். 1.2 கிலோ என்றால் 3.0 அளவு டியூப், 0 அளவு பிளேடு, உதட்டருகே டியூபின் 7 செ.மீ. குறி. போட்டபின் கார்பன் டை ஆக்சைடு டிடெக்டர் ஊதாவிலிருந்து மஞ்சளாகிறதா, ஹார்ட் ரேட் ஏறுகிறதா, இரண்டையும் பாருங்கள்.

பதில் 2 (மயக்கவியல்): வீடியோ லாரிங்கோஸ்கோப் (தொண்டையைத் திரையில் காட்டும் கேமரா உள்ள வகை) இருந்தால் விடாதீர்கள். டப்ளினில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில் வீடியோவில் பார்த்துப் போட்டவர்களுக்கு முதல் முயற்சியிலேயே வெற்றி 74%, நேரடியாகப் பார்த்துப் போட்டவர்களுக்கு 45%. நீங்கள் பார்ப்பதையே பக்கத்தில் நிற்பவரும் திரையில் பார்ப்பார். "கொஞ்சம் பின்னால் இழு" என்று அப்போதே சொல்ல முடியும்.

கேள்வி கேட்டவர்: நன்றி மேடம், நன்றி சார். அப்படியானால் வீடியோவில் மட்டும் பழகினால் போதுமா?

பதில் 1: போதாது. எல்லா லேபர் ரூமிலும் அது இருக்காது. வீடியோ பிளேடையே வைத்து, திரையைப் பயிற்சியாளர் பக்கம் திருப்பிவிட்டு, நீங்கள் வாய்க்குள் நேராகப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வரும். 2015-க்குப் பிறகு, மெக்கோனியத்தோடு (பனிக்குட நீரில் கலந்த குழந்தையின் முதல் மலம்) துவண்டு பிறக்கும் குழந்தைகளுக்கு வழக்கமாக டியூப் போட்டு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டோம். குழந்தைகளுக்கு அது நல்லதே. உங்களுக்கு டியூப் போடும் வாய்ப்பு குறையும், அதனால் போஸ்டிங் தொடங்கியபின்னும் லேபுக்குப் போய்க்கொண்டே இருங்கள்.