மறுமொழி: இனப்பெயரால் ஏசுவதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவரை இனப்பெயர் சொல்லி ஏசுவதைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு, இந்தக் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘இனவெறிப் பட்டப்பெயர்’ என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. ‘வெறி’தான் இடறுகிறது.

ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம். 2017 நவம்பர். இரண்டாம் உலகப்போரில் தாய்மொழியையே சங்கேதமாக்கி அமெரிக்க மரைன் படைக்கு உழைத்த நவாஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த முதியவர்கள் மூவர், வெள்ளை மாளிகையில் பாராட்டு பெற நிற்கிறார்கள். பின்சுவரில் முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் படம். பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்ட வழிசெய்த 1830ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். அந்த இடத்தில்தான் அதிபர் டிரம்ப், செனட்டர் எலிசபெத் வாரனை, பழங்காலப் பூர்வகுடிப் பெண் ஒருத்தியின் பெயரான ‘போகஹாண்டஸ்’ என்று சொல்லிக் குத்திக்காட்டினார்.

‘வாரன் தனக்குப் பூர்வகுடி வேர் உண்டு என்று சொல்லிக்கொண்டார், கிண்டல் அதற்குத்தானே, இனத்துக்கு இல்லையே’ என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். வாரன் சொன்னதில் பிழை உண்டு. 2018இல் அவர் வெளியிட்ட மரபணுச் சோதனையை, செரோக்கி தேசம் என்ற பூர்வகுடி அமைப்பே கண்டித்தது. பிறகு மன்னிப்பும் கேட்டார். சரி, பொய் என்றால் பொய் என்று சொல்லலாமே? இனப்பெயரைச் சொன்னால் சிரிப்பு வரும் என்று நம்பித்தானே டிரம்ப் அதை எடுத்தார்? அந்தச் சிரிப்பின் ஏளனம் பக்கத்தில் நின்ற மூவர் மீதும் விழுகிறது. என்னைக் கேட்டால் இது இனவாதம்தான், ஐயமில்லை.

ஆனால் ‘வெறி’ என்று பெயர் வைத்தால் பேச்சு உடனே பேசியவரின் மனத்துக்குள் போய்விடும். ‘எனக்கு வெறியெல்லாம் இல்லை, விளையாட்டாகச் சொன்னேன்’ என்று அவர் நழுவிவிடுவார். நமக்கு வேண்டியது செயலைப் பிடிக்கும் சொல்.

‘இனவசைப்பெயர்’ என்பதும் இங்கே பொருந்தாது. பூர்வகுடிகளைத் தோல்நிறம் சொல்லி இழிவுபடுத்தும் ‘ரெட்ஸ்கின்’ போன்றவற்றுக்கு அது சரி. அங்கே சொல்லே வசை. வாஷிங்டனின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ அணி 2020இல் அந்தப் பெயரைக் கைவிட்டது. போகஹாண்டஸோ 1617இல் இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு பவ்ஹாட்டன் பூர்வகுடிப் பெண். சிறுவயதில் சொந்தக்காரர்கள் கூப்பிட்ட பெயர் அது. பெயரில் இழிவு ஏதும் இல்லை, சுட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

அதனால் ‘இனச்சுட்டு வசை’ என்று முன்மொழிகிறேன். செய்தியில் வினையாக எழுத, ‘செனட்டரை இனஞ்சுட்டி ஏசினார்’ எனலாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வருகிறது. ‘வசை’க்குப் பதில் ‘ஏச்சு’ போடலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். இலங்கை நண்பர்கள் ‘ஏச்சு’ என்பதை அன்றாடம் புழங்குகிறவர்கள்; அவர்கள் சொன்னால் நல்லது.

அன்புடன்.