தோட்டத்துச் சந்தா நிதி யாருக்கு: செம்பனைப் பூஞ்சைக்கா, கோட்பாட்டு இயற்பியலுக்கா?

பிறைக்கரை:
எங்கள் கல்வி நிதி மலேசியாவின் செபராங் பிறையில் இருந்த ஒரு தோட்டத்தின் சந்தாப் பணத்தில் உருவானது. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது கோயில் கணக்கில் மிஞ்சியிருந்ததை உபகாரச் சம்பளமாக மாற்றினோம். ஆண்டுக்கு ஒரு முதுகலை மாணவருக்குத்தான் கொடுக்க முடியும். இம்முறை இறுதிக்கு வந்திருப்பவர்கள் இருவர். ஒரு பெண், செம்பனையை (எண்ணெய்ப் பனையை) தாக்கும் கானோடெர்மா பூஞ்சையை ஆராய விரும்புகிறார். ஒரு பையன், நுண்துகள்களையும் விசைகளையும் விளக்கும் கோட்பாட்டு இயற்பியலான குவாண்டம் புலக்கோட்பாட்டில் ஆய்வு செய்ய விரும்புகிறார். மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. செயற்குழுவில் மூன்றுக்கு மூன்று என்று நிற்கிறோம். நான் அந்தப் பெண்ணுக்காகக் கை தூக்கியவன். ஆனால் தூக்கியதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. சனிக்கிழமை நேர்முகம் நடக்கிறது. கருத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்.

செம்பனைக் கிராணி:
முப்பத்தொரு ஆண்டுகள் தோட்டங்களில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் விவாதிக்கவே ஒன்றுமில்லை. கானோடெர்மா வேர் வழியாக நுழைந்து மரத்தின் அடித்தண்டை உள்ளிருந்தே அரித்துவிடும். குருத்துகள் விரியாமல் நிற்பதையும் அடிமரத்தில் காளான் முளைப்பதையும் நாம் கண்ணால் பார்க்கும்போது அடித்தண்டில் பாதிக்கு மேல் அழுகியிருக்கும். இன்றுவரை இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பழைய கட்டைகளைத் தோண்டி எடுப்பது, அகழி வெட்டுவது, அடியில் மண் அணைப்பது ஆகியவையெல்லாம் மரத்தின் ஆயுளைச் சிறிது நீட்டும் வேலைகளே. இருபத்தைந்து ஆண்டுகள் காய்க்க வேண்டிய மரம் பதினைந்தாவது ஆண்டில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் கோட்பாட்டு இயற்பியலுக்குப் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்லும் வைரஸை 1963இல் நம் நாட்டில்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் கண்டுபிடித்தவர் அலாய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானியர். அது 1967இல் முதலில் பயன்பட்டதோ சமோவாவின் தென்னைகளுக்கு. நம் மண்ணின் மக்கிய குப்பையில் கிடந்ததை எடுத்துப் பார்க்க நம்மில் ஆளில்லை. அந்தக் குறையை நீக்க ஒரு பெண் முன்வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அலைத்துகள்:
கிராணி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் எனக்குப் பக்கச்சார்பு உண்டு என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

செம்பனையில் கெட்டி ஓட்டுக் கொட்டை உள்ள டூரா வகையையும் ஓடில்லாத பிசிஃபெரா வகையையும் இணைத்தால் மெல்லோட்டு டெனெரா கிடைக்கும், அதில் எண்ணெய் கூடுதல் என்பது ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். காங்கோவில் 1941இல் ஓட்டின் தடிப்பு ஒரே மரபணுவின் வேலை என்று காட்டினார்கள். அந்த மரபணுவை 2013இல் அடையாளம் கண்டவர்கள் நம் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களும் அவர்களுடைய அமெரிக்கக் கூட்டாளிகளும்தான். அதன் பயனாக, நாற்றுமேடையில் டூரா கலந்திருந்தால் மரம் காய்க்கும்வரை மூன்று நான்கு ஆண்டுகள் காத்திராமல் இளநாற்றிலேயே பிரித்துவிடலாம். மரபணுவின் எழுத்துகளை வாசிக்கும் கருவிகள் பலவற்றில் சாயமேற்றிய துணுக்குகளை ஒளிரச் செய்வது லேசர். லேசர் பிறந்தது 1960இல். அதன் அடிப்படையான தூண்டப்பட்ட உமிழ்வை (ஓர் அணுவின் மேல் படும் ஒளி அதே வகை ஒளியை அதிலிருந்து வெளிவரச் செய்வதை) ஐன்ஸ்டைன் காகிதத்தில் எழுதியது 1917இல். தற்செயலாக, கோலசிலாங்கூருக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டதும் அதே 1917இல்தான்.

செம்பனைக் கிராணி:
தம்பியே தற்செயல் என்று எழுதிவிட்டார். அதையே நானும் சொல்கிறேன். 1917இலிருந்து 2013வரை நீளும் அந்தச் சங்கிலியில் எத்தனை நாடுகள், எத்தனை ஆய்வுக்கூடங்கள், எத்தனை கோடி வெள்ளி! அவற்றில் ஒரு கண்ணியாகவாவது நம் பையன் இருப்பான் என்று எதை வைத்து நம்புவது? பெரிய அரசுகள் தாங்கக்கூடிய சூதாட்டத்தைக் கோயில் உண்டியல் தாங்காது.

நேரடியாகப் பூச்சியைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மகரந்த வண்டைவிட நல்ல சான்று வேண்டுமா? ஆப்பிரிக்காவில் நன்றாகக் காய்பிடித்த மரம் இங்கே சரியாகக் காய்பிடிக்காததால், ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தோம். கேமரூனில் பூக்களை மூடி வைத்தும் திறந்து வைத்தும் பார்த்த ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர், வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று நிறுவினார். மற்றப் பயிர்களைத் தின்னாது என்று சோதித்துவிட்டு 1981இல் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் அதை விட்டார்கள். சோம்பு வாசனை வீசும் பூவைத் தேடி அது தானாகப் பரவியது. அந்த வண்டு வந்த பிறகு குலைகளின் எடை ஏறியதைப் பதிவேட்டில் எழுதியவன் நான்.

அலைத்துகள்:
ஐயா, உங்கள் சான்று என் கட்சிக்குத்தான் வலுவூட்டுகிறது. சையது போகும்வரை பாடநூல்களில் என்ன எழுதியிருந்தது? செம்பனைக்குக் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது என்று. எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டு கூலியாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மழைக்காலத்தில் காற்று எப்படி மகரந்தத்தைச் சுமக்கும் என்று கேட்கும் மனம் வேண்டியிருந்தது. அந்த மனத்தை வளர்ப்பதுதான் அடிப்படை ஆய்வு.

செம்பனைக் கிராணி:
கேட்டவர் பூவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார், தம்பி. கரும்பலகைக்கு முன்னால் நின்று அல்ல.

நிபோங் திபால் டீச்சர்:
இருவரும் வண்டைப் பற்றிப் பேசுவதால் நான் எழுத வேண்டியதாகிறது. கையால் மகரந்தம் தூவிய "ஆட்கள்" என்று கிராணி ஐயா ஒரு சொல்லில் கடந்துபோனவர்களில் என் தாயாரும் ஒருவர். மகரந்தத் தூளை முகப்பவுடர் மாவுடன் கலந்து, பெண்பூ விரிந்த மரத்தைத் தேடித் தேடி ஊதிவிட்டு, உச்சிவேளையில் மஞ்சள் பூசினாற்போல் வீடு திரும்புவார். 1980களின் தொடக்கத்தில் வண்டு வந்தது, வேலை போனது. பிறகு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அவர் முதுகில் சுமந்த பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2002இல் தடை வந்து, 2006இல் தளர்ந்து, முழுமையாக மூடப்பட்டது 2020இல்தான். அதற்குள் அம்மா ஓய்வுபெற்று, நகங்கள் உரிந்த கைகளோடு இறந்தும் போனார்.

வண்டு ஆய்வு தவறு என்று நான் சொல்லவில்லை. அழகான ஆய்வு அது. ஆனால் மரத்துக்குக் கிடைக்கும் நன்மையைத் தோட்டத்து மக்களின் நன்மையாக அப்படியே கணக்கில் ஏற்றாதீர்கள் என்கிறேன். சந்தா கொடுத்தவர்களுக்கு எது பயன்படும் என்பதுதான் அளவுகோல் என்றால், குலை எடை ஏறிய ஆண்டில் அந்தச் சந்தாக்காரர்களில் எத்தனை பேருக்குச் சம்பளம் ஏறியது என்பதையும் ஐயா பதிவேட்டிலிருந்து சொல்ல வேண்டும்.

செம்பனைக் கிராணி:
டீச்சர், பதில் உங்களுக்கே தெரியும். குலைக்கு ஒரு பதிவேடு, கூலிக்கு வேறொரு பதிவேடு இருந்தது. இரண்டையும் நான்தான் எழுதினேன், ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. உங்கள் தாயாரின் வேலையை வெறும் "ஆட்கள்" என்று எழுதியதற்கு வருந்துகிறேன். ஆனாலும் என் வாதம் முழுவதும் விழுந்துவிடவில்லை. கானோடெர்மா இன்று பெரிய கம்பெனிகளை மட்டும் தாக்கவில்லை. பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரின் மரத்தையும் சாய்க்கிறது. அவர் மறுநடவுக்குக் கடன் வாங்க வேண்டியவர்.

அலைத்துகள்:
சிறுதோட்டக்காரர் என்றதும் அப்துஸ் சலாம் நினைவுக்கு வருகிறார். 1979இல் நோபல் பரிசு பெற்ற அந்தப் பாகிஸ்தானியக் கோட்பாட்டு இயற்பியலாளர் 1946இல் கேம்பிரிட்ஜுக்குப் போனது, பஞ்சாபில் சிறு விவசாயிகளின் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய உதவித்தொகையில்தான். அந்தப் பணத்தைக் கையாண்டவர்கள் கோதுமை நோயைப் படிப்பவனுக்கு மட்டுமே என்று விதித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அவர் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நிறுவிய மையம் இன்றுவரை ஏழை நாடுகளின் ஆய்வாளர்களை அழைத்துப் பயிற்றுவிக்கிறது.

செம்பனைக் கிராணி:
திரியெஸ்தேயில், லாகூரில் அல்ல. நம் பையனும் போனால் திரும்ப மாட்டான் என்பதுதான் என் கவலை. ஆனால் சிறு விவசாயிகளின் பணம் என்ற செய்தி எனக்குப் புதிது. இரவு முழுவதும் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

பிறைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் ஆய்வு தோட்டக் குடும்பங்களுக்கு எவ்வாறு பயன்படும்?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெண் இரண்டு பக்கம் நிரப்பியிருக்கிறார்; பையன் "தெரியவில்லை" என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார். அதைத் திமிர் என்று எண்ணித்தான் நான் அவருக்கு எதிராக வாக்களித்தேன். டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு அந்த இரண்டு பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்: மரம், மகசூல், ஏற்றுமதி எல்லாம் இருக்கின்றன, குடும்பம் என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. சனிக்கிழமை அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, உங்கள் துறையின் பாடநூலில் எந்த வரியை நீங்கள் நம்பவில்லை என்று இருவரிடமும் கேட்கச் சொல்லப்போகிறேன்.

செம்பனைக் கிராணி:
நானும் பார்வையாளனாக வருகிறேன். அந்தப் பெண்ணை முதலில் கூப்பிடுங்கள். அவள் பதில் சொல்வாள் என்று இன்னும் நம்புகிறேன்.