இரட்டை அலைவரிசை ரவுட்டரும் ஒற்றைக் காது பிரிண்டரும்

உவர்மலை டீச்சர்:
வயர் இல்லாத பிரிண்டர் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதற்கு வயர் போட்டுத்தான் பாவிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். என் வீட்டிலும் அப்படித்தான் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் கடந்தகால வினாத்தாள்களை அச்சிடுவதிலேயே மாலைப்பொழுது போய்விடும்.

புதிய பிரிண்டரின் செயலி கைபேசியில் ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்துவிட்டு, பிரிண்டரைக் காணவில்லை என்று கைவிரித்தது. வாங்கிய கடைக்கு அழைத்தால், “பழுதாக இருக்கும், கொண்டுவாருங்கள்” என்றார்கள். கொளுத்தும் வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு இறங்க யாருக்கு மனம் வரும்? பாலையூற்றில் இருக்கும் பெறாமகனை வரச் சொன்னேன். அவன் பிரிண்டரைத் தொடவே இல்லை. வெறும் பெட்டியைப் புரட்டி, பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினான்: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்.

“சித்தி, உங்கள் ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. இதற்கு ஒரு காதுதான். உங்கள் கைபேசி 5இல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் எது எதில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது” என்றான்.

பிறகு ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பார்த்தான். கணினியில் 192.168.1.1 என்று தட்டியதும் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வந்தது (சில ரவுட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும், அதுவும் அந்த ஒட்டுத்தாளிலேயே இருக்கும்). இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டும் வசதியை நிறுத்தி, 5க்கு மட்டும் புதுப்பெயர் வைத்தான். பழைய பெயரை 2.4க்கே விட்டதில்தான் அவனுடைய கெட்டித்தனம்: தொலைக்காட்சி, பழைய மடிக்கணினி எதற்கும் மறுபடி கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கைபேசியை 2.4க்கு மாற்றிவிட்டு, பிரிண்டரின் வைஃபை பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்தான். செயலி இந்த முறை உடனே கண்டுபிடித்தது. நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. முதல் தாளாக வந்தது முக்கோணவியல்.

இதில் பலர் தவறாகச் சொல்லும் ஒன்று இருக்கிறது. அச்சிடும்போதெல்லாம் கைபேசியும் 2.4இலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். தேவையில்லை. அறிமுகம் செய்துவைக்கும்போது மட்டும் இருந்தால் போதும். பிறகு கைபேசி 5க்குத் திரும்பலாம்; இரண்டையும் ஒரே வீட்டு வலையமைப்பாக ரவுட்டர் இணைத்துத்தான் வைத்திருக்கிறது. 2.4 வேகம் குறைந்தது என்று முகம் சுளிப்பவர்களுக்கு: வினாத்தாள் அச்சிட அது தாராளம். சுவர்களைத் தாண்டிப் போவதிலும் 5ஐ விட அதுவே மேல். என் பிரிண்டர் இருப்பது குசினிக்குப் பக்கத்து அறையில்.

உப்புவெளியிலிருந்து:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில்தான் எங்களுக்குச் சனம். விமான டிக்கெட்டை அச்சிட்டுத் தரும்படி ஒருவராவது வந்து நிற்பார். எங்கள் பிரிண்டரில் விளக்கு நிலையாக எரிந்தது, சமிக்ஞையும் நன்றாக இருந்தது, ஆனால் வரவேற்பு மேசைக் கணினிக்கு அது தெரியவே இல்லை. வேலை செய்யும் தம்பி அதை விருந்தினருக்கான வைஃபையில் இணைத்திருந்தார். அந்த வலையமைப்பில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்துவிடும். தங்க வருபவரின் மடிக்கணினியை அடுத்த அறைக்காரர் எட்டிப்பார்க்கக் கூடாதல்லவா, அதற்காகத்தான். பிரதான வலையமைப்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது விருந்தினர் தங்கள் கோப்பை எங்களுக்கு அனுப்புகிறார்கள், நாங்கள் அச்சிட்டுக் கொடுக்கிறோம்.

கிண்ணியாவிலிருந்து:
எங்கள் கொமியூனிகேஷன் கடையில் சிக்கல் வேறு. அலைவரிசை சரி, கடவுச்சொல்லும் சரி; பிரிண்டர் மட்டும் கடவுச்சொல் பிழை என்று அடம்பிடித்தது. புது ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தது. அது 2018இல் அறிமுகமானது. எங்கள் பிரிண்டர் அதைவிட மூத்தது. 2உம் 3உம் கலந்த முறைக்கு மாற்றியதும் ஏற்றுக்கொண்டது. சில பிரிண்டர்கள் கலந்த முறையிலும் முரண்டு பிடிக்கும், அப்போது டபிள்யூபிஏ2 மட்டும் என்று வைத்துப் பாருங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தி, கடவுச்சொல் தட்டாமலே இணைக்க நினைப்பவர்களும் இதைக் கவனியுங்கள்: டபிள்யூபிஏ3 மட்டும் இருக்கும் இடத்தில் அந்தப் பொத்தான் உதவாது.

சாம்பல்தீவிலிருந்து:
டீச்சர், எங்கள் வீட்டில் எல்லாம் இணைந்துதான் இருக்கிறது. ஆனால் மின்சாரம் போய் வந்தால் கணினி பிரிண்டரை ஆஃப்லைன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறேன். வேறு வழி உண்டா?

உவர்மலை டீச்சர்:
உண்டு தம்பி. மின்சாரம் வந்ததும் ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் புதிதாக ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்) பகிர்ந்திருக்கும். உங்கள் கணினி பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி என்ற பகுதிக்குப் போங்கள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பிரிண்டரைத் தெரிவுசெய்து, அந்த முகவரியை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். பிறகு பிரிண்டரைக் கடைசியாக ஒருமுறை அழித்துச் சேர்க்க வேண்டும். பட்டியலில் பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த மாக் முகவரி (கருவிக்குத் தயாரிக்கும்போதே கொடுத்த அடையாளம்) மட்டும் தெரிந்தால் குழம்ப வேண்டாம்: பிரிண்டரிலிருந்தே வலையமைப்பு அறிக்கையை ஒரு தாளில் அச்சிடலாம், அதில் அதே முகவரி இருக்கும்.