வீட்டு வாசலில் நின்ற வண்டி: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

இரவுவிழி
ஹேண்டில் லாக் உடையும் சத்தத்தை நேரில் கேட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நான் கேட்டேன். தூக்கம் கலைந்து சன்னல் பக்கம் வந்தபோது என் பைக்கில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கைப்பிடியில் காலை ஊன்றி, மறு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம், முன்சக்கரம் நேராகிவிட்டது.

நான் கத்தினேன். அவன் ஓடவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான், பிறகு வண்டியை நிதானமாக உருட்டிக்கொண்டு போனான். தெருமுனையில் இன்னொருவன் வேறு வண்டியில் காத்திருந்தான். அவன் தன் காலை என் பைக்கின் பின்பக்கத்தில் கொடுத்துத் தள்ளிக்கொண்டே ஓட்டிப் போய்விட்டான். சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் இருந்த வண்டிதான். இன்ஜினையே கிளப்பாமல் கொண்டுபோகிறவனை அது என்ன செய்யும்? வண்டி போனதைவிட அந்த நிதானமான பார்வைதான் இன்னும் மனதை அறுக்கிறது.

நீலவண்டி
எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் உருட்டவில்லை, தூக்கினார்கள். ஸ்கூட்டரில் டிஸ்க் லாக், அதாவது பிரேக் தட்டில் மாட்டும் பூட்டு, போட்டிருந்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்படியே வேனில் ஏற்றிவிட்டார்கள். கேமராவில் எல்லாமே பதிவாகியிருக்கிறது, முகத்தைத் தவிர. எல்லோர் தலையிலும் ஹெல்மெட்.

தூக்கும்போது கொக்கியில் மாட்டியிருந்த என் மகளின் குட்டி ஹெல்மெட் கீழே விழுந்தது. அவர்களில் ஒருவன் திரும்பி வந்து அதை எடுத்துப் படியில் ஓரமாக வைத்துவிட்டுப் போனான். அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்தாலும் ஏன் அப்படிச் செய்தான் என்று புரியவில்லை.

செயின்பக்தன்
நீலவண்டி, டிஸ்க் லாக்கைக் குறை சொல்லாதீர்கள். சக்கரம் சுற்றாமல் தடுப்பதுதான் அதன் வேலை, அதைச் செய்திருக்கிறது. வண்டியை அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டாவிட்டால் எந்தப் பூட்டு போட்டும் பயனில்லை. என் வீட்டில் முயன்றவர்கள் செயினில் இரும்பு வெட்டும் கட்டரின் பல் தடத்தை மட்டும் விட்டுப் போனார்கள். என் கதை அவ்வளவுதான். மற்றதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செயின் 16 மில்லிமீட்டருக்குக் குறையாத கடினப்படுத்திய எஃகாக இருக்கட்டும். மெல்லியதைப் பெரிய போல்ட் கட்டரால் கடித்துவிடலாம். முன்சக்கரத்தில் போடாதீர்கள், அதைக் கழற்றிவிட்டு மீதியை எடுத்துப் போவார்கள். பின்சக்கரத்தோடு வண்டியின் சட்டத்தையும் (ஃபிரேம்) சேர்த்துச் சுற்றுங்கள். செயின் தரையில் கிடக்கவே கூடாது. கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் உடம்பின் மொத்த எடையையும் போட்டு அழுத்துவார்கள், சம்மட்டியாலும் அடிப்பார்கள். தொங்கவும் விடாமல் இழுத்துப் பூட்டுங்கள்.

செயினைக் கட்டக் கான்கிரீட்டில் இரும்பு வளையம் பதிப்பவர்கள் அதன் போல்ட்டையும் கவனியுங்கள். அதன் அறுகோணக் குழிக்குள் சின்ன எஃகுக் குண்டை அடித்து இறக்கிவிட்டால் போல்ட்டைக் கழற்றும் ஆலன் சாவி உள்ளே நுழையாது. அப்புறம், கவர் போட்டு மூடுங்கள். என்ன வண்டி, என்ன பூட்டு என்று தெரியாமல் ஒரு திருடன் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மேல்மாடி
இவ்வளவு எழுதிய அண்ணன் இரும்பை அறுக்கும் கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? என் செயினும் நீங்கள் சொல்கிற தடிமன்தான். பேட்டரி கிரைண்டரால் அறுத்தார்கள். மேலிருந்து பார்த்தபோது தீப்பொறி சுவர் உயரத்துக்குப் பறந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது. ஏதோ பழுதுவேலை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

செயின்பக்தன்
கிரைண்டருக்கு முன்னால் சாதாரண எஃகு நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். அறுக்கிற வட்டையே தேய்த்துத் தீர்க்கும் கலவை வைத்த பூட்டுகள் இப்போது வருகின்றன. ஆனாலும் பூட்டின் வேலை நேரத்தை இழுப்பது. அந்த நேரத்தில் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். ஆள் அசைந்தால் எரியும் விளக்கும், அலாரம் உள்ள டிஸ்க் லாக்கும் அதற்குத்தான்.

பின்சீட்டு
என்னுடையது திரும்பக் கிடைத்தது. சீட்டுக்கு அடியில் ஏர்டேக், அதாவது இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஆப்பிளின் சின்னக் கருவி, வைத்திருந்தேன். நாலு தெரு தள்ளி ஒரு சந்தில், நம்பர் பிளேட் இல்லாமல் நின்றது. டிராக்கர் இருக்கிறதா, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்க்கச் சிலர் இப்படிக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்களாம். காவல்துறை வரும்வரை தூரத்தில் ஒளிந்து நின்றேன். ஒரு பையன் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அவன்தானா, வெறும் வழிப்போக்கனா? அவன் முகம்தான் இன்றும் நினைவுக்கு வருகிறது.

ஆனால் 2021-இல் வந்த அந்தக் கருவி பொருள் தேடுவதற்கானது, திருடனைப் பிடிப்பதற்கல்ல. தெரியாத டேக் ஒன்று உங்களுடன் நகர்கிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். பேட்டரியோடு இணைத்த ஜிபிஎஸ் டிராக்கர் இன்னும் நல்லது. அதுவும் மூடிய இரும்பு வேனுக்குள் போனால் சிக்னல் இழக்கலாம்.

இரவுவிழி
எல்லோருக்கும் நன்றி. அடுத்த வண்டி வாங்கியாயிற்று. ஆனால் இருப்பது வாடகை வீடு, தரையைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. என்ன செய்யலாம்?

மேல்மாடி
வாசலில் கான்கிரீட் தூண் இருக்கிறதா? அதைச் சுற்றிப் போடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோடு சேர்த்துப் பூட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தூக்குவது கஷ்டம். முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள், காலையில் யார் முன்னால் கிளம்புவது என்பதையும் பேசி வையுங்கள்.