வானவில் யாருடைய வில்? எல்லா மொழியிலும் ஏன் வில்?

ஓசூர்க்காரன் கேட்டது:

பெங்களூரில் வேலை. போன வாரம் சாயங்காலம் மழை விட்டதும் ஆபீஸ் மாடியில் டீயோடு நின்றிருந்தோம், கிழக்கே நல்ல அழுத்தமான வானவில். மலையாளி நண்பர் மழவில்லு என்றார், கன்னடக்காரர் காமனபில்லு, தெலுங்குத் தோழி ஹரிவில்லு, பீகாரிலிருந்து வந்த பையன் இந்திரதனுஷ். நான் வானவில். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

அப்புறம் பேச்சு சண்டையாகிவிட்டது. இந்த வில்லெல்லாம் சமஸ்கிருத இந்திரதனுசைப் பார்த்து எடுத்தது என்கிறார் ஒருவர். இன்னொருவர் (அவரும் தமிழர்தான், அதுதான் கடுப்பு) வானவில் என்பதே ரெயின்போவைப் பார்த்துப் பாடப்புத்தகத்துக்காகச் செய்த சொல் என்று அடித்துச் சொல்கிறார். அதற்கு முன்னால் தமிழன் அதைப் பார்த்துவிட்டுப் பேர் சொல்லாமல் வீட்டுக்குப் போனானா என்று கேட்டேன், பதில் இல்லை.

யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வில் என்கிற எண்ணம் தமிழில் பழையதா? ஏன் போகிற இடமெல்லாம் வில்லாகவே இருக்கிறது? காமன், ஹரி, இந்திரன் என்று ஆளுக்கு ஒரு பேர் எப்படி வந்தது?

நிகண்டுப்பிரியன்:

எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம். தமிழில் "வில்" என்றால் அம்பு விடும் வில் மட்டும் இல்லை, ஒளி என்றும் பொருள் உண்டு. காப்பியங்களில் "வில்லுமிழ்" என்று வந்தால் மணியோ நகையோ ஒளி வீசுகிறது என்று அர்த்தம், அங்கே அம்பும் இல்லை நாணும் இல்லை. அதனால் வானவில் = வானத்து ஒளி. இந்திரதனுசுக்கும் ரெயின்போவுக்கும் இதில் வேலையே இல்லை, கேஸ் முடிந்தது.

கொல்லிமலை:

நிகண்டுப்பிரியன் சார், வில்லுக்கு ஒளி என்ற பொருள் இருப்பது உண்மை. ஆனால் வானத்தில் தெரிவதைத் தமிழர்கள் ஆயுதமாகத்தான் பார்த்தார்கள் என்பதற்குப் புறநானூற்றிலேயே நேரடிச் சாட்சி இருக்கிறது. 20ஆம் பாட்டு. குறுங்கோழியூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. அவன் நாட்டு மக்களைப் பற்றிச் சொல்கிறார்:

"திருவில் அல்லது கொலைவில் அறியார்
நாஞ்சில் அல்லது படையும் அறியார்"

திருவில் என்பது வானவில். உரைகளில் இந்திரவில் என்று பொருள் சொல்லியிருக்கும். உன் நிழலில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த வில் மழைக்காலத்தில் வானத்தில் வருவதுதான், ஆளைக் கொல்லும் வில்லைப் பார்த்ததில்லை. கலப்பையைத் தெரியும், அது தவிர வேறு ஆயுதம் தெரியாது. முந்தின வரியும் இதே போக்குத்தான்: சோறு ஆக்குகிற நெருப்பின் சூடும் வெயிலின் சூடும் தவிர வேறு சூடு அறியாதவர்கள் என்கிறார்.

இப்போது பாருங்கள், திருவில்லையும் கொலைவில்லையும் எதிரெதிரே நிறுத்துகிறார். திருவில் வெறும் ஒளி என்றால் அந்த வரியே நிற்காது. ஒரே பொருளின் இரண்டு வகை என்பதால்தான் "இது தெரியும், அது தெரியாது" என்ற பேச்சுக்கு வேகம் வருகிறது. அதற்கு மேல் இதைக் கேட்கிற ராஜா சேரன். அவன் கொடியிலேயே வில். வில்லைச் சின்னமாக வைத்திருக்கிறவனிடம் போய், உன் ஜனங்களுக்குக் கொலைவில்லே தெரியாது ஐயா என்று சொல்கிற அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். (சேரனுக்கு "வானவன்" என்று இன்னொரு பேர் உண்டு. வானவன் வில்லே வானவில் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது வெறும் ஒலிப்பொருத்தம்.)

ஓசூர்க்காரரே, உங்கள் நண்பரின் ரெயின்போ கதைக்கு இதுவே போதும். வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முந்தின பாட்டு இது. தவிரவும், ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் மழைவில் என்றல்லவா வந்திருக்கும்? வானம் எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருதக் கதை கொஞ்சம் வேறு. இந்திரவில் என்ற பேரில் இந்திரன் இருப்பதால் வடக்குத் தொடர்பு இருக்கத்தான் செய்யும், மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் "வில்" நம்முடையது. மலையாளத்திலும் தெலுங்கிலும் வில்லு, கன்னடத்தில் பில்லு. வா - பா, வேர் - பேரு, விரல் - பெரளு, அதே கணக்கில் வில் - பில்லு. தனுசை மொழிபெயர்த்தார்களா, தாங்களே பார்த்து வில் என்றார்களா என்று இத்தனை காலம் கழித்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். வளைந்த ஒன்றை வில் என்று சொல்ல யாருக்கும் வாத்தியார் தேவையில்லை என்பது என் கட்சி.

நிகண்டுப்பிரியன்:

திருவில்லுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இருந்தாலும் கேட்கிற காதில் இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலித்திருக்கும், அந்தக் காலத்துப் புலவனுக்கு அது தெரியாமலா இருக்கும் என்பது என் பக்கம். அதை விடமாட்டேன்.

ஓசூர்க்காரன்:

கொல்லிமலை அண்ணே, அந்த இரண்டு வரியை அப்படியே ஆபீஸ் குரூப்பில் போட்டேன். பாடப்புத்தக நண்பர் இன்னும் ஆன்லைனுக்கே வரவில்லை. சரி, காமனும் ஹரியும்?

வன்னிச்செல்வி:

காமன் யாரென்று உங்களுக்கே தெரியும், மன்மதன். அவருக்குக் கரும்பு வில், வண்டு நாண், பூ அம்பு. வானத்தில் கலர் கலராக ஒரு வில் தெரிந்தால் அது மன்மதனுடையதாகத்தான் இருக்கும் என்று கன்னடக்காரர் நினைத்தது எனக்கு நியாயமாகவே படுகிறது, இந்திரனை விட நல்ல ரசனை. ஹரிவில்லில் ஹரி என்றதும் நாங்கள் திருமாலைத்தான் நினைப்போம், ஆனால் வடமொழியில் ஹரி என்ற பேர் இந்திரனுக்கும் சூரியனுக்கும்கூட உண்டு. அதனால் அது இந்திரவில்லின் இன்னொரு வேஷமாகவும் இருக்கலாம்.

இலங்கையில் எங்கள் பக்கத்தில் வானவில்தான். சிங்களத்தில் தேதுன்ன. துன்ன என்றால் வில், தே என்பது தேவன், ஆகத் தேவருடைய வில். எந்தத் தேவர் என்று சொல்லாமல் விட்டது புத்திசாலித்தனம். வங்காளத்தில் ராம்தனு. உருதுவில் தனக் என்கிறார்கள், அதுவும் தனுசு வழி வந்ததுதான். அரபியில் கவ்ஸ் குஸஹ். கவ்ஸ் என்றால் வில், குஸஹ் இஸ்லாத்துக்கு முந்தின அரபு நாட்டில் மழை இடியோடு சேர்த்து வணங்கப்பட்ட ஒரு தெய்வம் என்கிறார்கள். தெய்வம் போய்விட்டது, வில் மட்டும் அவர் பேரிலேயே நிற்கிறது. பாரசீகத்தில் ருஸ்தமின் வில் என்று பழைய பேர் ஒன்று உண்டு, ருஸ்தம் அவர்களுடைய காவிய வீரன்.

எனக்கு இதில் பிடித்தது எபிரேயம். அங்கே தனிச்சொல்லே இல்லை. கேஷெத் என்றால் போர் வில், வானவில்லுக்கும் அதே கேஷெத்தான். பிரளயம் வடிந்த பிறகு நோவாவிடம் கடவுள் பேசுகிற இடத்தில், பழைய தமிழ் விவிலியத்தில்கூட "என் வில்லை மேகத்தில் வைத்தேன்" என்றுதான் இருக்கும், வானவில் என்று இருக்காது. சண்டை முடிந்தது, வில்லைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. கொல்லிமலை அண்ணா போட்ட திருவில் - கொலைவில் வரியை வாசித்தவுடன் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பாகைமானி:

பேரெல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் ஏன் எல்லாருக்கும் வில்லாகத் தெரிகிறது என்ற கேள்விக்குப் பதில் வானத்தில் இருக்கிறது, அகராதியில் இல்லை.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழல் தரையில் எங்கே விழுகிறதோ அந்தத் திசைதான் மையம். அதைச் சுற்றி 42 பாகையில் இருக்கிற மழைத்துளிகளிலிருந்து சிவப்பும், 40 பாகைக்கு அருகில் இருக்கிற துளிகளிலிருந்து ஊதாவும் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும். எல்லாத் திசையிலும் அதே கோணம் என்பதால் அது ஒரு முழு வட்டம். கீழ்ப்பாதியைத் தரை மறைத்துவிடும், மிச்சம் வில். விமானத்திலிருந்து பார்த்தால் சில சமயம் முழு வட்டமே தெரியும். மையம் உங்கள் தலை நிழல் என்பதால் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு வில், அதாவது வேறு துளிகள். ஆபீஸ் மாடியில் ஆறு பேர் நின்றிருந்தால் ஆறு வில். யாருடைய வில் என்று தலைப்பில் கேட்டதற்கு என் பதில் இது.

இன்னொன்று. சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் அந்த வட்டம் முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும், சமதரையில் நிற்பவருக்கு வானவில்லே கிடையாது. சென்னையில் டிசம்பரில்கூட நடுப்பகலில் சூரியன் 53 பாகை உயரத்தில் இருக்கும். அதனால் நம் ஊரில் காலை, மாலை மட்டும்தான். லண்டனில் அதே மாதம் உச்சியில் 15 பாகைதான், அங்கே பன்னிரண்டு மணிக்கும் பார்க்கலாம். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. ஐப்பசி கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் மழை பெரும்பாலும் கடல் பக்கமிருந்து வருவதால், மாலையில் கிழக்கே வில்லைப் பார்த்தால் துணியை எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள், அந்தப் பக்கம் பெய்கிற மழை இங்கே வருகிற வழியில் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் காலை ஏழு மணி வெயிலில் தோட்டத்து ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி நிழல் பக்கம் பீய்ச்சிப் பாருங்கள். காலடியில் வரும். தலையை நகர்த்தினால் கூடவே நகரும்.

கொல்லிமலை:

பாகைமானி சொன்னதில் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. ரெயின்போவில் இருக்கிற "போ" முதலில் ஆயுதம் மட்டும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் போகா என்றால் வளைந்தது எதுவானாலும். முழங்கை மடங்குகிற இடம் எல்போ, அந்தப் "போ"வும் இதே "போ"தான். ஜெர்மன்காரர் சொல்கிற ரேகன்போகனிலும் போகன் வளைவுக்கும் பேர், வில்லுக்கும் பேர். பிரெஞ்சில் ஆர்க் என்றாலும் அப்படியே, அவர்கள் மழையை விட்டுவிட்டு நம்மைப் போல வானத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக அங்கே வளைவா வில்லா என்று இரண்டு பக்கமும் சாயலாம், தமிழில் கொலைவில் பக்கத்தில் வந்து நின்ற பிறகு சாய இடமில்லை.

புற்றீசல்:

எல்லா மொழியிலும் வில் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டீர்கள், அது சரியில்லை. துருக்கியில் வானத்துக் கச்சை, இடுப்பில் கட்டுகிற கச்சை. கிரேக்கத்தில் ஐரிஸ் என்ற தேவதை, தேவர்களின் தூது சுமப்பவள். கண்ணில் இருக்கிற நிற வளையத்துக்கும் அவள் பேர்தான், 1803இல் கண்டுபிடித்த இரிடியம் என்ற உலோகத்துக்கும் அவள் பேர்தான், அதன் உப்புகள் பல நிறத்தில் இருந்ததால். ஐரிஸில் வில் இல்லை.

அதைவிடப் பெரிய கூட்டம் பாம்புக் கூட்டம். சீன எழுத்தில் வானவில்லைக் குறிக்கிற எழுத்தின் இடது பாதி பூச்சி, பாம்பு வகைகளுக்கான குறி. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் குறி பார்க்கப் பயன்படுத்திய எலும்புகளில் அதை இரண்டு முனையிலும் தலை வைத்த வளைவாகவே கீறியிருக்கிறார்கள், வானவில் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தது என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வானவில் பாம்பு எல்லாருக்கும் தெரியும்.

நம் பக்கத்திலும் பாம்பு இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிஹிரர் பிருஹத் சம்ஹிதையில் இந்திரவில்லுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். மேகம் உள்ள வானத்தில் சூரியனின் பல நிறக் கதிர்கள் காற்றில் சிதறி வில் வடிவில் தெரிவதே இந்திரவில் என்று ஆரம்பித்துவிட்டு, அனந்தன் குலத்து நாகங்களின் மூச்சிலிருந்து பிறப்பது என்று சில ஆசாரியர்கள் சொல்வதாகவும் அடுத்துப் போடுகிறார். மேகதூதத்தில் காளிதாசன் இந்திரன் வில்லின் ஒரு துண்டு புற்றின் உச்சியிலிருந்து எழும்புகிறது என்கிறான். வானத்து வில்லுக்குப் புற்று எதற்கு? உள்ளே இருக்கிற நாகத்தின் மணி ஒளி என்று விளக்குகிறார்கள். புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மனுஸ்மிருதியில் நாலாம் அத்தியாயத்தில், வானத்தில் இந்திரவில்லைப் பார்த்தால் அறிவுள்ளவன் அதை இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது என்று வரும். ஏன் என்று சொல்லவில்லை. வானவில்லை விரல் நீட்டிக் காட்டினால் விரல் அழுகும், வளைந்துபோகும் என்கிற பயம் உலகத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத ஏராளமான ஊர்களில் இருக்கிறது. ராபர்ட் பிளஸ்ட் என்ற மொழியியலாளர் இதையெல்லாம் திரட்டி எழுதியிருக்கிறார். டிராகன் என்கிற கற்பனையே வானவில்லிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். வில் என்பது பின்னால் வந்த மரியாதையான பேர், முதலில் அது பாம்புதான் என்று எனக்கு ஒரு எண்ணம், நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

மடிப்பாக்கம் மாமி:

நல்லவேளை, எங்கள் காலனியில் எல்லாருக்கும் விரல் பத்திரமாக இருக்கிறது, வானவில் வந்தால் காட்டாத ஆளே கிடையாது. ஒரு சந்தேகம், ஏழு நிறம் என்பது எங்கிருந்து வந்தது? சங்கத்திலேயே உண்டா? என் பேத்தி எத்தனை தடவை எண்ணினாலும் ஐந்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறாள்.

பாகைமானி:

மாமி, பேத்தி நியூட்டன் கட்சி. அவரும் முதலில் ஐந்துதான் சொன்னார்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. பிறகு செம்மஞ்சளையும் கருநீலத்தையும் நடுவில் செருகி ஏழாக்கினார், இசையில் ஏழு சுரம் இருப்பதற்குப் பொருத்தமாக. 1704இல் வந்த அவருடைய ஒளியியல் நூலில் ஏழு நிலைத்துவிட்டது, பள்ளிக்கூடம் வழியாக நமக்கும் வந்துவிட்டது. உண்மையில் அது தொடர்ச்சியான பட்டை, எங்கே கோடு போடுவது என்பது அவரவர் இஷ்டம். கருநீலத்தைத் தனியாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓசூர்க்காரன்:

பாடப்புத்தக நண்பர் வந்துவிட்டார். "திருவில் சரி, வானவில் என்கிற அதே சொல் எங்கே இருக்கிறது, அதைக் காட்டு" என்கிறார். ஆள் லேசில் விடமாட்டார் போலிருக்கிறது. நிகண்டுப்பிரியன் சார், உங்கள் ஏரியா, பிங்கலம், திவாகரம் என்ற பழைய நிகண்டுகளை (சொற்பொருள் நூல்களை) கொஞ்சம் புரட்டிப் பார்க்க முடியுமா?

நிகண்டுப்பிரியன்:

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்கள். ஒளி என்ற பொருளையும் கூடவே எடுத்துப் போடுவேன், கொல்லிமலை கோபித்துக்கொள்ளக் கூடாது.