எரிவேகமா, எரிவீதமா? தோட்டா மருந்துக்கு ஒரு சொல் தேவை

திருகோணமலை, மொழிபெயர்ப்பவர்:

குழுமத்தவர்க்கு வணக்கம். கனடாவில் வேட்டை உரிமம் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக, ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்புவது பற்றிய கைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். துவக்கு (துப்பாக்கி), தோட்டா, சன்னம் (குழலிலிருந்து பாயும் குண்டு), கோது (தோட்டாவின் உலோக உறை) எல்லாம் நம் வாயில் உள்ளவை. கோதுக்குள் இடும் வெடிமருந்தைத் தெரிவு செய்யும் அத்தியாயத்தில்தான் நின்றுவிட்டேன். எது விரைவாக எரிந்து வாயுவாகும், எது மெதுவாக என்று மருந்துகளை மேலிருந்து கீழாக அடுக்கிய பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. அந்தத் தன்மைக்கு ஒரு சொல்லும் இரு முனைக்கும் இரண்டு சொற்களும் வேண்டும். இப்போதைக்கு எரிவேகம், வேகமருந்து, மந்தமருந்து என்று எழுதி வைத்திருக்கிறேன்.

திருகோணமலை, ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர்:

தம்பி, எரிவேகம் வேண்டாம். நம் பாடநூல்களில் கதி வேறு, வேகம் வேறு. வேகத்துக்குத் திசை உண்டு. மருந்து எரிவதற்கு எந்தத் திசையைக் காட்டுவீர்? இரசாயனவியலிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் 'தாக்க வீதம்' என்றுதான் படிக்கிறார்கள். ஆகவே எரிவீதம். எரி இங்கே வினைத்தொகை. மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

கோயம்புத்தூர்:

இங்கே வேகம் என்றால் ஸ்பீட்தான் ஐயா. திசையோடு சொல்ல வேண்டுமானால் திசைவேகம் என்கிறோம். உங்கள் தாக்க வீதம் எங்களுக்கு வினைவேகம். 'ஆளுக்கு இரண்டு வீதம்' என்பதைத் தாண்டி வீதம் எங்கள் பக்கம் அதிகம் புழங்குவதில்லை. கனடாவில் இரு நாட்டாரும் இருக்கிறார்கள். எரிவேகம் எல்லோருக்கும் புரியும்.

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:

வேகமும் வடசொல், வீதமும் வடசொல். இரண்டுக்கும் நடுவே நாம் ஏன் வழக்காட வேண்டும்? பழந்தமிழில் விரைவுக்குக் கடுமை என்ற சொல் இருக்கிறது. கடும்பரி, கடுந்தேர் என்று படித்தவர்கள்தானே நாம்? கடுகுதல், கடிது எல்லாம் அந்த வேரில் வந்தவை. தன்மைக்கு எரிகடுமை, முனைகளுக்குக் கடுமருந்து, மென்மருந்து. இன்னொன்றும் சொல்லவேண்டும். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது என்று அகராதிகள் எழுதுகின்றன. துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்று ஏன் கொள்ளக் கூடாது? குறளிலேயே அச்சொல் கிடக்கிறது.

கோயம்புத்தூர்:

குறளில் உள்ளது 'உணவாக்கி' என்ற பொருளில், ஐயா. வான்சிறப்பு அதிகாரம், மழையைப் பற்றியது. கருவியின் பெயர் துருக்கியின் துஃபெக்தான். உங்கள் துவக்கும் சிங்களத் துவக்குவவும் அதே வழிதான். வெள்ளிக்கிழமை வருகிறது, மருந்துக்குத் திரும்புவோம்.

தம்பலகாமம்:

நான் இலக்கணம் பேச வரவில்லை. எங்கள் அப்பா வயலுக்குப் பன்றி வராமல் காவல் இருந்த காலத்தில் வைத்திருந்தது இடியன் துவக்கு. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை உருண்டையாக உருட்டி உள்ளே விட்டு, இரும்புக் கம்பியால் இடிப்பார். கம்பி துள்ளும் சத்தத்தை வைத்தே மருந்து இறுகிவிட்டதா என்று சொல்லிவிடுவார். அப்புறம் சன்னம், மறுபடியும் தும்பு. அது கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. அந்த மருந்து மந்தம் என்றால், நமுத்துப்போனது, வலு இல்லாதது என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

இந்த நூல் பேசும் மருந்து வேறு. 1884இல் பிரான்சில் பால் வியெய் செய்த புகையற்ற மருந்தின் வழி வந்தது. நைத்திரோசெலுலோசு, சிலவற்றில் நைத்திரோகிளிசரினும் சேரும். இதில் மெதுவாக எரிவது வலுக் குறைந்தது அல்ல. பெரிய கோதுக்கும் பாரமான சன்னத்துக்கும் மெதுவானதுதான் பொருந்தும். சன்னம் குழலில் முன்னே போகப் போகப் பின்னால் இடம் பெருகும். அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே வாயு தள்ள வேண்டும். கைத்துப்பாக்கிக்கு உரிய விரைவான மருந்தைப் பெரிய ரைஃபிள் கோது நிறையப் போட்டால், சன்னம் நகர்ந்து இடம் விடுமுன்னே அமுக்கம் எல்லை கடந்து துவக்கே சிதறும், பிடித்திருப்பவரின் முகத்துக்கு முன்னால்.

மந்தமருந்து என்று படித்த ஒருவன், 'வலுக் குறைந்ததுதானே, கொஞ்சம் கூடப் போடலாம்' என்று நினைப்பான். ஆசிரியர் ஐயா கோபிக்க வேண்டாம், கடுமருந்திலும் அதே ஆபத்து. பெரிய மிருகத்துக்குக் கடுமையான மருந்து வேண்டும் என்று தேடிப் போவான். கடு என்றால் நஞ்சும்தானே.

எரிவீதத்திலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அந்தப் பட்டியலில் அலகு கிடையாது. ஒன்றுக்குப் பின் ஒன்று என்ற ஒழுங்கு மட்டும்தான். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று அது சொல்லாது. கோதோ சன்னமோ மாறினால் பக்கத்தில் உள்ள இரண்டு இடம் மாறவும் கூடும். எச் 4350, ஐ.எம்.ஆர் 4350 என்று விற்கும் மருந்துகள் இரண்டுக்கும் எண் ஒன்று, மருந்து வேறு. ஒன்றின் அளவை மற்றதற்கு எடுக்கக் கூடாது. வீதம் என்று தலைப்பிட்டால், கணக்குத் தெரிந்த பிள்ளை அதை வைத்து அளவைக் கணிக்கப் பார்க்கும். அளவு சோதித்த அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும், அதிலும் குறைந்த அளவிலிருந்து தொடங்கித்தான். பட்டியலுக்கு எரிவரிசை என்று பெயர் வையுங்கள்.

திருகோணமலை, பௌதிக ஆசிரியர்:

எரிவரிசை நல்ல சொல். தன்மைக்கு எரிவீதம், பட்டியலுக்கு எரிவரிசை, இரண்டும் இருக்கட்டும்.

திருகோணமலை, மொழிபெயர்ப்பவர்:

சரி. மந்தமருந்தை எடுத்துவிட்டேன். சொல் நீண்டாலும் 'மெதுவாக எரியும் மருந்து', 'விரைவாக எரியும் மருந்து' என்றே எழுதுகிறேன். கோயம்புத்தூர் நண்பருக்காக, எரிவீதம் முதலில் வரும் இடத்தில் 'எரியும் வேகம்' என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். 'தூள்' என்ற சொல்லையும் நீக்கினேன். இந்த மருந்து சிறு குச்சியாக, உருண்டையாக, தகடாக வருகிறதே தவிரத் தூளாக இல்லை. குச்சி நீளமாக இருந்தால் அளவைக் கருவியில் சீராக விழாது என்று நூல் சொல்லும்போது, தூள் என்று எழுதினால் அந்த வரிக்கே பொருள் இல்லாமல் போகும். குளிரில் சில மருந்துகளின் அமுக்கமும் சன்னத்தின் வேகமும் குறையும் என்ற பகுதிக்கு 'வெப்பநிலை உணர்திறன்' போட்டேன். மைனஸ் 20 பாகையில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது முக்கியம்.

ஒன்று மட்டும் மிச்சம். கிரெயின் என்ற நிறை அலகு. மணி என்று எழுதலாமா?

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:

குன்றிமணி நம்மிடம் இருக்கிறதே. தட்டார் நிறுத்த அளவு.

தம்பலகாமம்:

குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும், ஐயா. ஒரு கிரெயின் 0.0648 கிராம். அளவு இரட்டித்தால் உயிர் போகும். மணி என்று மட்டும் எழுதினால் மருந்துக் குச்சிகளை எண்ண உட்கார்ந்துவிடுவான். கிரெயின் என்றே விடுங்கள், பக்கத்தில் கிராமும் போடுங்கள்.

யாழ்ப்பாணம், தமிழாசிரியர்:

உயிர் என்று வந்தபின் நான் மறுக்க மாட்டேன், கிரெயின் இருக்கட்டும். எரிகடுமையை விட்டுக்கொடுக்கவில்லை. விரைவுக்கு அப்படி ஒரு சொல் இருந்தது என்பதாவது, கடைசிப் பக்கச் சொல்லடைவில் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.